வழுக்கும் சக்கரமும் ஒரு சிறு திருகாணியும்

அறிவியல் கண்காட்சிகளில் எந்த மேசையைச் சுற்றி அதிகக் கூட்டம் கூடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஏதாவது அசைந்துகொண்டிருக்கும் மேசையைச் சுற்றித்தான். வண்ணப் படங்களும் அட்டை மாதிரிகளும் வரிசையாக இருக்கட்டும். ஒரு மூலையில் உள்ளங்கையளவு நீராவி எஞ்சின் ஒன்று ஓடினால் போதும், எல்லோரும் அங்கே போய் நின்றுவிடுவார்கள். அந்தச் சின்ன எஞ்சினுக்கு அடிக்கடி வரும் ஒரு நோயைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

நோயின் அடையாளம் இது. கொதிகலனில் நீராவி இருக்கிறது. வால்வைத் திறக்கிறீர்கள். பிஸ்டன் ஒருமுறை போய் வருகிறது. பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் அச்சுத் தண்டின் மறுமுனையில் உள்ள கனத்த சக்கரம் உடனே நிற்கவில்லை. அது தன்பாட்டுக்கு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓய்கிறது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருக்கவேண்டிய உறவு எங்கோ அறுந்துவிட்டது.

இந்தக் கனத்த சக்கரத்தைப் பட்டறைகளில் பிளைவீல் என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். மாட்டு வண்டிச் சக்கரத்தைப் போலவே இதற்கும் நடுவில் குடம் உண்டு. வெளியே வட்டை உண்டு. சிலவற்றில் ஆரக்கால்களும் உண்டு. குடத்தின் துளைக்குள் எஞ்சினின் தண்டு நுழைந்திருக்கும். குடத்தின் பக்கவாட்டில் மரையிட்ட சிறு துளை ஒன்றில், தலையில்லாத திருகாணி ஒன்று உள்ளே இறங்கித் தண்டை அழுத்திக்கொண்டிருக்கும். இதைக் கிரப் ஸ்க்ரூ என்று கடைகளில் கேட்டு வாங்கலாம். சிறிய எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் சக்கரத்தைத் தண்டோடு பிணைத்திருப்பது இந்த ஒரு திருகாணிதான்.

ஆகவே சக்கரம் வழுக்கியதும் எல்லோரும் செய்வது என்ன? திருகாணியை இன்னும் இறுக்குவது. பத்து நிமிடம் ஓடும். மறுபடி வழுக்கும். மறுபடி இறுக்குவார்கள். கடைசியில் திருகாணியின் அறுகோணக் குழி தேய்ந்து சாவி சுற்றத் தொடங்கும். அல்லது குடத்தின் மரை போய்விடும். பித்தளைக் குடமானால் மிக எளிதில் போய்விடும். ‘மரை கழன்ற ஆள்’ என்று ஏளனமாகச் சொல்வது எப்படிப்பட்ட நிலைமையைப் பார்த்துப் பிறந்த பேச்சு என்பது அப்போது புரியும்!

இறுக்குவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த இணைப்பு எவ்வளவு திருப்புவிசையைத் தாங்கவேண்டியிருக்கிறது? விசையை அச்சிலிருந்து அது செயல்படும் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புவிசை. கதவைக் கீலுக்கு அருகில் தள்ளுவதற்கும் கைப்பிடியில் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும். அதே கருத்துத்தான்.

சக்கரம் வாங்குவதும் கொடுப்பதும்

ஒரே சிலிண்டர் உள்ள எஞ்சினில் தள்ளுவிசை சீராக இருப்பதில்லை. பிஸ்டன் கோடியில் நிற்கும்போது பிஸ்டன், இணைப்புத் தண்டு, கிராங்க் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. அந்த நிலையில் நீராவி எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் திரும்பாது. கதவைக் கீலின் மேலேயே கைவைத்துத் தள்ளுவது போன்றதுதான் அது. இந்த இடத்தைத் தாண்டிச் செல்ல வெளியிலிருந்து யாராவது உதவவேண்டும். அந்த உதவியைச் செய்வது பிளைவீல்.

ஜேம்ஸ் வாட் சுழலும் இயக்கத்துக்கான தம் பல்சக்கர அமைப்புக்கு 1781-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் 1785-இல் லண்டனின் விட்பிரெட் மதுவடிப்பு ஆலைக்கு அமைத்துக் கொடுத்த எஞ்சின் இன்று சிட்னி நகரப் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதிலும் ஆளுயரத்தை மிஞ்சும் பெரிய சக்கரம் உண்டு. ஆனால் இந்தத் தத்துவத்துக்கு வாட் வரைக்கும் போகவேண்டியதில்லை. குயவர் கோலால் வேகமாகச் சுழற்றிவிட்டுப் பிறகு கையெடுத்து மண்ணை வனைகிறாரே, அந்தச் சக்கரமும் பிளைவீல்தான். சுழற்றும்போது ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. வனையும்போது திருப்பிக் கொடுக்கிறது.

‘வாங்கிக் கொடுக்கிறது’ என்ற இந்தச் சொற்களை நன்றாகக் கவனியுங்கள். நம் நோயின் மூலம் இங்கேதான் இருக்கிறது.

பிஸ்டனின் ஒரு பக்கத்தில் மட்டும் நீராவி தள்ளும் சிறு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அரைச் சுற்றில் தள்ளுகிறது. மறு அரைச் சுற்றில் சும்மா இருக்கிறது. தள்ளும்போது தண்டு சக்கரத்தை இழுத்துக்கொண்டு முன்னே செல்கிறது. சும்மா இருக்கும்போது சக்கரம் தண்டை இழுத்துக்கொண்டு செல்கிறது. அதாவது, தண்டுக்கும் குடத்துக்கும் இடையே உள்ள திருப்புவிசை ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் ஒரு மணி நேரத்தில் 36,000 சுற்று. அத்தனை முறையும் அந்தச் சிறு திருகாணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டப்படுகிறது. தரையில் அடித்த முளையைப் பிடுங்கவேண்டுமானால் என்ன செய்வீர்கள்? ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருக்க மாட்டீர்கள். முன்னும் பின்னும் ஆட்டுவீர்கள். எஞ்சின் தன் திருகாணிக்குச் செய்வதும் அதுவேதான்.

குடத்தின் துளை தண்டைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் இந்த ஆட்டம் இன்னும் மோசம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், எஃகுத் தண்டின்மேல் செங்காவி நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருக்கும். அது சாதாரணத் துரு அன்று. இரண்டு பரப்புகள் நுண்ணிய அளவில் ஓயாமல் உரசிக்கொள்வதால் புதிய இரும்பு வெளிப்பட்டு, உடனே ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டான பொடி. அதைக் கண்டால், ‘இந்தச் சக்கரம் நேற்று வழுக்கவில்லை, பல நாளாகவே ஆடிக்கொண்டிருக்கிறது’ என்று உறுதியாகச் சொல்லலாம்.

கொஞ்சம் கணக்கு

60 மில்லிமீட்டர் குறுக்களவும் 12 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட, ஆரக்கால் இல்லாத எஃகுச் சக்கரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது என்று கொள்வோம். பருமன் சுமார் 34 கன செ.மீ.; நிறை சுமார் 265 கிராம். தட்டுப் போன்ற சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன், நிறையையும் ஆரத்தின் இருமடியையும் பெருக்கியதில் பாதி. கணக்கிட்டால் ஏறத்தாழ 0.00012 கிலோகிராம்-மீட்டர்² வரும். நிமிடத்துக்கு 600 சுற்று என்பது விநாடிக்கு 10 சுற்று. கோணத் திசைவேகம் விநாடிக்கு 62.8 ரேடியன்.

எஞ்சினின் திறன் 3 வாட் என்று வைத்துக்கொள்வோம். திறனைக் கோணத் திசைவேகத்தால் வகுத்தால் சராசரித் திருப்புவிசை கிடைக்கும்: 3 ÷ 62.8, அதாவது 0.05 நியூட்டன்-மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாரம் தண்டிலிருந்தே எடுக்கப்படுகிறது என்றால், தள்ளும் பாதிச் சுற்றின் உச்சத்தில் சக்கரத்தின் இணைப்பு சுமார் 0.1 நியூட்டன்-மீட்டரையும், தள்ளாத பாதியில் எதிர்த்திசையில் சுமார் 0.05 நியூட்டன்-மீட்டரையும் தாங்குகிறது. இவையெல்லாம் மிகச் சிறிய அளவுகள்.

இனித் திருகாணியின் பக்கம் வருவோம். 3 மி.மீ. திருகாணியை முறையாக இறுக்கினால் அது தண்டைச் சுமார் 1000 நியூட்டன் விசையோடு அழுத்தும். 100 கிலோ மூட்டையைத் தண்டின்மேல் ஏற்றி வைத்ததற்குச் சமம்! சாவியின் நுனியில் நீங்கள் கொடுப்பதோ ஒன்றே கால் கிலோ எடைக்குச் சமமான விசைதான். சாய்தளத்தைச் சுருட்டி வைத்ததுதானே திருகு? சாய்தளத்தின் இயந்திர லாபம் இங்கே வேலை செய்கிறது.

திருகாணி ஒரு பக்கம் அழுத்தினால், தண்டு எதிர்ப்பக்கத்தில் குடத்தின் சுவரை அதே விசையோடு அழுத்தும். ஆகவே உராய்வு இரண்டு இடங்களில் உண்டாகிறது. உராய்வுக் குணகம் 0.15, தண்டின் ஆரம் 2.5 மி.மீ. என்று கொண்டால், இணைப்பு வழுக்காமல் தாங்கக்கூடிய திருப்புவிசை 2 × 0.15 × 1000 × 0.0025 = 0.75 நியூட்டன்-மீட்டர். தேவைப்படுவது 0.1, இருப்பதோ 0.75. பிறகு ஏன் வழுக்குகிறது?

எஞ்சின் ஓடும்போது மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. எஞ்சின் திடீரென்று நிற்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் பிஸ்டன் ஏதோ காரணத்தால் 1/100 விநாடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் கோண உந்தம் அந்த 1/100 விநாடிக்குள் பூஜ்யமாகவேண்டும். 0.00012-ஐ 62.8-ஆல் பெருக்கி 0.01-ஆல் வகுங்கள். 0.75 நியூட்டன்-மீட்டர்! சராசரியைப்போல் பதினைந்து மடங்கு. இணைப்பு தாங்கக்கூடிய எல்லையும் அதுவே. அதாவது, முறையாக இறுக்கிய இணைப்பே கரையோரத்தில்தான் நிற்கிறது.

இப்போது ஒரு துளி எண்ணெயைச் சேருங்கள். பேரிங்குக்கு விட்ட எண்ணெய் தண்டு வழியாகவே ஊர்ந்து குடத்துக்குள் நுழைந்துவிடும். குணகம் 0.15-லிருந்து 0.1-ஆகக் குறைந்தால் தாங்கும் திறன் 0.5-ஆக இறங்கிவிடும். அடுத்த அதிர்ச்சியில் சக்கரம் வழுக்கும். உராய்வுக் குணகங்கள் பரப்புக்குப் பரப்பு மாறுபவை. திருகாணியின் விளிம்பு எஃகில் பதிந்தால் பிடிப்புச் சற்றுக் கூடும். ஆகவே இந்த எண்களைத் தோராயமாகவே கொள்ளவேண்டும். ஆனாலும் கதை எங்கே திரும்புகிறது என்பதை அவை தெளிவாகவே காட்டுகின்றன.

பிஸ்டனைத் திடீரென்று நிறுத்துவது எது? பெரும்பாலும் தண்ணீர். குளிர்ந்த சிலிண்டருக்குள் நீராவி நுழைந்ததும் அதில் ஒரு பகுதி குளிர்ந்து நீராகிவிடுகிறது. நீராவியை அழுத்தலாம், நீரை அழுத்திச் சுருக்குவது ஏறத்தாழ முடியாத காரியம். பிஸ்டன் கோடிக்கு வரும்போது அங்கே நீர் தேங்கியிருந்தால் சுவரில் மோதியதுபோல நின்றுவிடும். சிலிண்டரே இப்படியும் அப்படியும் ஊசலாடும் வகை எஞ்சினில் ஒரு வசதி உண்டு: சிலிண்டரைப் பிடித்திருக்கும் வில்சுருள் சற்றே விட்டுக்கொடுத்து நீரை வெளியே பீய்ச்சிவிடும். சிலிண்டர் அசையாமல் பிஸ்டன் வால்வு கொண்ட எஞ்சின்களில் அந்த வழி இல்லை. அதற்காகத்தான் சிலிண்டரின் இரு முனைகளிலும் வடிகுழாய்கள் வைத்திருப்பார்கள்.

ஆக, சக்கரம் வழுக்குவது காய்ச்சலைப் போன்றது. காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாது அல்லவா?

முதலில் கோடு போடுங்கள்

பழுது பார்க்கத் தொடங்குமுன் எது வழுக்குகிறது என்று உறுதி செய்யவேண்டும். தண்டின் ஒரு முனையில் சக்கரம் இருப்பதுபோல் மறுமுனையில் கிராங்க் தட்டு இருக்கிறது. அதுவும் தண்டோடு இறுக்கிப் பொருத்தப்பட்டதே. அது வழுக்கினாலும் பிஸ்டன் நிற்கும், சக்கரம் சுழலும். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். சக்கரத்தைக் குற்றவாளியாக்கிவிட்டு உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்ட பழுதுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வழி மிக எளியது. தண்டின் முனை முகத்திலிருந்து குடத்தின்மேல் நேராக ஒரு கோடு, அழியாத மையால் இடுங்கள். மறுமுனையில் தண்டின் முனையிலிருந்து கிராங்க் தட்டின்மேல் இன்னொரு கோடு. ஒரு நிமிடம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். எந்தக் கோடு உடைந்து இரண்டாகியிருக்கிறதோ அங்கேதான் பழுது. இதற்குக் கொதிகலனைச் சூடாக்க வேண்டியதே இல்லை. நீராவி வரும் குழாயைக் கழற்றி, சைக்கிள் பம்பை ஒரு ரப்பர் குழாயால் பொருத்தி நண்பர் ஒருவரை அடிக்கச் சொன்னால் எஞ்சின் காற்றிலேயே ஓடும். எந்தப் பழுதையும் முதலில் காற்றில் ஓட்டிச் சரிபார்ப்பதுதான் நல்லது. கொதிகலனில் கைவைக்கும் வேலை ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும். காப்பு வால்வை யாருமே தொடக் கூடாது.

சக்கரத்தைக் கழற்றும்போது தண்டைச் சுத்தியலால் தட்டாதீர்கள். 5 மி.மீ. தண்டு எளிதில் வளைந்துவிடும். வளைந்த தண்டில் எந்தச் சக்கரமும் நேராக ஓடாது. திருகாணியை முழுவதும் தளர்த்தியும் சக்கரம் வரவில்லை என்றால், திருகாணி தண்டில் கிளப்பிய பிசிறு குடத்தின் துளையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லத் திருகித் திருகி இழுங்கள். வெளியே வந்ததும் அந்தப் பிசிறை மெல்லிய அரத்தால் சமப்படுத்துங்கள்.

பிறகு எண்ணெயைப் போக்கவேண்டும். மண்ணெண்ணெயால் துடைத்தால் மட்டும் போதாது. அதுவே ஒரு மெல்லிய படலத்தை விட்டுச்செல்லும். கடைசியாக அசிட்டோனில் நனைத்த துணியால் தண்டையும் துளையின் உட்புறத்தையும் துடையுங்கள். அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றுவது. எஞ்சினின் ஸ்பிரிட்டு விளக்கு அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

பிடிப்பைக் கூட்டும் வழிகள்

துடைத்ததோடு பல எஞ்சின்கள் குணமாகிவிடும். குணமாகாதவற்றுக்கு என் முதல் பரிந்துரை, தண்டில் ஒரு தட்டை முகம் அராவுவது. உருண்டையான தண்டின்மேல் திருகாணி அழுத்தும்போது பிடிப்பதெல்லாம் உராய்வு ஒன்றுதான். தண்டில் ஒரு பக்கத்தைத் தட்டையாக அராவி, திருகாணியின் முனை அந்தத் தட்டையில் உட்காரும்படி செய்தால், சக்கரம் வழுக்கத் தொடங்கும்போதே தட்டையின் மேடான ஓரம் திருகாணிக்குக் குறுக்கே வந்து நிற்கும். உராய்வோடு வடிவமும் துணைக்கு வருகிறது.

எவ்வளவு ஆழம் அராவவேண்டும்? 5 மி.மீ. தண்டில் அரை மில்லிமீட்டர் போதும். தண்டின் ஆரம் 2.5, அரை மி.மீ. போனால் மையத்திலிருந்து தட்டை வரை 2. பிதாகரஸ் தேற்றத்தின்படி தட்டையின் பாதி அகலம் 1.5; முழு அகலம் 3 மி.மீ. நம் திருகாணியின் குறுக்களவும் 3 மி.மீ. தானே! இதைவிட ஆழமாக அராவினால் தண்டு வலுவிழக்கும். அராவும்போது பேரிங்குக்குள் துகள் விழாமல் பழந்துணியால் மூடிவையுங்கள். அரத்தூள் ஒருமுறை பேரிங்கில் புகுந்தால் அதைப் போக்குவது பெரிய பாடு.

இரண்டாவது வழி, இன்னொரு திருகாணி சேர்ப்பது. இதில் பலர் முதல் திருகாணிக்கு நேர் எதிரே இரண்டாவதை வைக்கிறார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும், பயன் ஒன்றுமில்லை. ஏன்? எதிரெதிரே வைத்தால் ஒன்றன் விசையை மற்றொன்று சமன்செய்துவிடும். தண்டு குடத்தின் சுவரை அழுத்தவே அழுத்தாது. முன்பு திருகாணி முனையிலும் சுவரிலும் உராய்வு இருந்தது. இப்போது இரண்டு திருகாணி முனைகளில் இருக்கிறது. மொத்தம் அதே இரண்டுதான்! அதுமட்டுமா, தண்டு இரு முனைகளுக்கு நடுவே பிடிபட்டு, மற்றத் திசையில் ஆட இடம் கிடைத்துவிடுகிறது.

அதையே 90 பாகையில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 1000 நியூட்டன். செங்குத்தான இரு விசைகளின் தொகுபயன் 1414 நியூட்டன். அந்த விசையோடு தண்டு சுவரில் சாய்கிறது. உராய்வை உண்டாக்கும் மொத்த அழுத்தம் 1000 + 1000 + 1414. ஒரே திருகாணி இருந்தபோது 2000, இப்போது 3414. தாங்கும் திருப்புவிசை 0.75-லிருந்து 1.28 நியூட்டன்-மீட்டராகிறது. தண்டும் மூன்று இடங்களில் பிடிபட்டு ஆடாமல் நிற்கிறது. துளையிடும் இயந்திரமும் மரைவெட்டியும் பள்ளியில் இல்லாவிட்டால், அருகிலுள்ள லேத் பட்டறையில் கால் மணி நேர வேலை.

கடைசல் வேலை தெரிந்தவர்கள் விரும்பும் வழி இன்னொன்று. குடத்தின் துளையைக் கூம்பாகக் கடைந்து, அதற்குள் பொருந்தும்படி நீளவாக்கில் பிளந்த ஒரு கூம்புக் குழலைத் தண்டின்மேல் மாட்டி, மரைக்கொட்டையால் உள்ளே இழுத்து இறுக்குவது. மரத்தில் ஆப்பு இறங்குவதுபோல் குழல் இறங்க இறங்கத் தண்டைச் சுற்றிலும் நெருக்கும். கூம்பின் சாய்வு 5 பாகை என்றால், நீங்கள் 1000 நியூட்டன் விசையோடு இழுத்தால் தண்டைச் சுற்றி ஏறத்தாழ 4000 நியூட்டன் அழுத்தம் கிடைக்கும். தண்டில் வடுவும் விழாது, சக்கரமும் மையம் விலகாது. திருகாணி எப்போதுமே சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளுகிறதல்லவா? அந்தக் குறை இதில் கிடையாது. நல்ல மாதிரி எஞ்சின்கள் செய்பவர்கள் இதைப் போற்றுவது நியாயமே. ஆனால் லேத் இல்லாதவர்களுக்கு இது எட்டாத கனி.

எட்டும் கனி ஒன்று வேதியியலிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் டிரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் 1953-இல் ஒரு விசித்திரமான பிசினை உருவாக்கினார். காற்று இருக்கும் வரை அது திரவமாகவே இருக்கும். காற்று புகாத நெருக்கமான இடுக்கில், உலோகத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் இறுகிக் கெட்டியாகிவிடும். இதனால்தான் அதன் புட்டியை விளிம்புவரை நிரப்பாமல் காற்றுக்கு இடம்விட்டு விற்கிறார்கள். லாக்டைட் என்ற பெயரில் அது புகழ்பெற்றது; இன்று பல நிறுவனங்கள் இவ்வகைப் பிசின்களைச் செய்கின்றன. உருளைப் பொருத்துகளுக்கென்று தனி வகையே உண்டு, கேட்டு வாங்கவேண்டும்.

அதன் பலம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். திருகாணி தண்டைத் தொடுவது ஓர் ஊசிமுனை இடத்தில். பிசினோ குடத்தின் முழுத் துளையிலும் பிடிக்கிறது. 5 மி.மீ. குறுக்களவும் 12 மி.மீ. நீளமும் உள்ள துளையின் உட்பரப்பு சுமார் 188 சதுர மி.மீ. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் 10 நியூட்டன் தாங்கும் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 1880 நியூட்டன், 2.5 மி.மீ. ஆரத்தால் பெருக்க, 4.7 நியூட்டன்-மீட்டர். திருகாணியைப்போல் ஆறு மடங்கு! பின்னால் கழற்றவேண்டுமானால் குடத்தை நன்றாகச் சூடாக்கினால் பிடி தளரும். இடைவெளி மயிரிழையளவே இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. தலையாட்டும் அளவுக்குத் துளை தேய்ந்திருந்தால், குடத்தைப் பெரிதாகக் கடைந்து பித்தளைப் புஷ் ஒன்றைப் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. நொடியில் ஒட்டும் பசைகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இறுகியபின் அவை அதிர்ச்சியில் நொறுங்கும் இயல்புடையவை.

பெரிய எஞ்சின்களில் இந்தத் தொல்லைகள் இல்லை. தண்டிலும் குடத்திலும் நீளவாக்கில் பள்ளம் வெட்டி, இரண்டுக்கும் பொதுவாக ஓர் எஃகுத் துண்டை அடித்து இறக்கிவிடுவார்கள்.

வழுக்குவதையே பயனாக்கும் சக்கரமும் ஒன்று உண்டு. அது உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கும் தையல் இயந்திரம். பாபினில் நூல் சுற்றும்போது கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைத் தளர்த்துவார்கள், பார்த்திருப்பீர்கள். குமிழ் சக்கரத்தைத் தண்டோடு நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். தளர்த்தியதும் உராய்வு குறைந்து சக்கரம் தண்டின்மேல் வெறுமனே சுழலும். மிதித்தால் சக்கரம் ஓடும், ஊசி அசையாது. அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, குமிழைச் சிறிது சிறிதாக இறுக்கியபடி மெதுவாகக் கையால் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த இறுக்கத்தில் ஊசி அசையத் தொடங்குகிறது என்பதைக் கையாலேயே உணரலாம். ஊசியில் நூல் கோக்காமல், விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

காரணத்தைப் போக்குவது

பிடிப்பைக் கூட்டியாயிற்று, இனி அதிர்ச்சியைக் குறைப்போம். வால்வை முழுவதும் திறப்பதற்கு முன், சிறிதளவு நீராவி விட்டுச் சிலிண்டரைச் சூடேற்றுங்கள். சக்கரத்தைக் கையால் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு சுற்றுத் திருப்புங்கள். வடிகுழாய் இருந்தால் திறந்து வையுங்கள். நீர்த்துளிகள் நின்று வெறும் ஆவி வரும்போது மூடலாம். கொதிகலனில் அளவுக்கு மேல் நீர் நிரப்பினாலும் நீர் ஆவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் வந்துவிடும்.

எஞ்சினை நிறுத்தவேண்டுமானால் நீராவியை மூடுங்கள். கிராங்கையோ தண்டையோ பிடித்து நிறுத்தினால், சக்கரத்தின் ஆற்றல் முழுவதும் அந்த இணைப்பின் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும்.

அந்த ஆற்றல் எவ்வளவு? நம் சக்கரம் 600 சுற்றில் ஓடும்போது 0.235 ஜூல். அதே சக்கரம் 9 செ.மீ. உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். காலில் விழுந்தால்கூடப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் பாரம் இல்லாமல் ஓடும் சிறு எஞ்சின் கட்டுமீறி வேகமெடுக்கும். வேகம் ஐந்து மடங்காகி 3000 சுற்றானால், ஆற்றல் 25 மடங்கு, 5.9 ஜூல். இப்போது அதே சக்கரம் 2¼ மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்த நேரத்தில் தளர்ந்த திருகாணி விட்டுக்கொடுத்தால் சக்கரம் தண்டைவிட்டுக் கழன்று மேசையில் உருண்டோடும். எதிரே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள். கண்காட்சியில் எஞ்சினைப் பாரமில்லாமல் ஓட்டாதீர்கள். ஒரு சிறு டைனமோவையோ விசிறியையோ பூட்டி வையுங்கள். பார்ப்பவர்கள் சக்கரத்தின் தளத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும்.

பழுது பார்த்து முடிந்ததும் பழைய கோட்டை அழித்துப் புதிய கோடு ஒன்றைப் போடுங்கள். அரை மணி நேரம் ஓட்டியபின் பாருங்கள். மறுநாள் ஓட்டுவதற்கு முன்னும் பாருங்கள். கோடு நேராக இருக்கும்வரை திருகாணியைத் தொடவேண்டாம்.

உங்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு திருகாணிகளை 90 பாகையில் வைத்தால் மொத்த அழுத்தம் 3414 நியூட்டன் என்று கண்டோம். 120 பாகையில் வைத்தால் எவ்வளவு? 60 பாகையில் வைத்தால் எவ்வளவு? 60 பாகையில் விடை இன்னும் பெரிதாக வருவதைக் காண்பீர்கள். அப்படியிருந்தும் பட்டறைக்காரர்கள் 90 பாகையையே விரும்புகிறார்கள். தண்டின் குறுக்குவெட்டைப் பெரிதாக வரைந்து, அது எந்தப் பக்கம் ஆட இடமிருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.